நூற்றுப் பதினெட்டுக் கிராம்

பூநகரிக்கு மேலே வரைபடம் அணைந்துபோனது என்றான்
யூட் அமலதாஸ்.
ராப்லெற்றில் நாலு வீதம், பிறகு இரண்டு,
பிறகு கறுப்புக் கண்ணாடியில் தன் முகம்.
களப்பின் உப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டே
பலாலிக்கு வந்து இறங்கியிருக்கிறான்.
"எமில்டா, ஒரு ஓட்டை போட்டுத் தா.
சார்ஜ் போட ஒரு இடம். வேறொண்டும் வேண்டாம்."

விமானத்தில் ஒரு ஓட்டை என்றால்
பதினொரு தாள்.
இரத்மலானைக்கு இரண்டு கடிதம்,
லியனகே ஐயாவின் கையெழுத்து,
மாம்பழம் ஒன்றும் அனுப்பவேண்டாம் என்று
அவரே முந்திக்கொண்டு எடுத்த ஒரு கோல்.

நாலு பேர் இருக்கிற பிளேன்.
உள்ளே ஓடுவது இருபத்தெட்டு வோல்ற்று,
ராப்லெற் கேட்பது ஐந்து.
இரண்டுக்கும் நடுவில் நின்று பேரம் பேச
தீப்பெட்டி அளவில் ஒரு சாமான்.

துளைக்கிற அலகில் கிறீஸ் பூசினேன்.
அலுமினியச் சீவல் காந்தத்துக்கு வராது,
கிறீசுக்கு வரும்.
ஒன்று தப்பினாலும் பெடலுக்கடியில் போய்க் கிடந்து
ஏதோவொரு மழைமேகத்துக்குள் தன் வேலையைக் காட்டும்.
தலைகீழாய்ப் படுத்துப் பார்த்தால்
பலகைக்குப் பின்னால் யாரோ கட்டிய கம்பிக்கட்டு,
மெழுகு நூலில், முடிச்சுக்கு முடிச்சு ஒரே தூரம்.
பேர் இல்லை.
1978 என்று பென்சிலில் மட்டும்.
என் முடிச்சுகளை அதற்குப் பக்கத்தில் போட
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு எஞ்சினைப் போட்டு
தாரில் கீறிய வட்டத்துக்குள் பிளேனைத் திருப்பினோம்.
வடக்கு சரி.
கிழக்கும் சரி.
தெற்குக்கு மூக்கைத் திருப்பி ராப்லெற்றைச் செருகியதும்
திசைகாட்டி எழும்பி நடந்தது.
ஆறு பாகை.
கழற்றினால் வந்தது, செருகினால் போனது.
"தெற்கெண்டா இதுக்கும் தடுமாற்றம்" என்றான் யூட்.
நான் சிரிக்கவில்லை.
ஆறு பாகையை நம்பி இரத்மலானையைத் தேடுகிறவன்
முப்பது கிலோமீற்றர் தள்ளிக் கடலைத்தான் காண்பான்.

பிழை என்னுடையது.
போகிற மின்சாரத்துக்குக் கம்பி கொடுத்தேன்,
வருகிறதுக்குக் கொடுக்கவில்லை.
உடம்பெல்லாம் உலோகம்தானே,
எப்படியும் திரும்பிக்கொள்ளும் என்று விட்டேன்.
அது தன்பாட்டில் வழி தேடி
ஊசிக்குக் கிட்டவாக வந்திருக்கிறது.

இரவு ஏழு மணிவரை மறுபடியும் தலைகீழ்.
வருவதற்கும் ஒரு கம்பி.
அங்குலத்துக்கு இரண்டு திருகு.
போவதும் வருவதும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால்
ஒன்றின் இழுப்பை மற்றது அழித்துவிடும்,
வெளியே நிற்கிற ஊசிக்கு ஒன்றும் தெரியாது.
இது பௌதிகம்.
வேறெதற்கும் உவமையாய் எடுக்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
ஏனென்றால் அன்று காலைதான் அண்ணன்
ஸ்காபரோவிலிருந்து எழுதியிருந்தான்,
ரிக்கற் போட்டுவிட்டேன் என்று,
இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு.

அடுத்த நாள் ஊசி அரைப் பாகைகூட அசையவில்லை.
"ஏறும்போதும் இறங்கும்போதும் கழற்றவும்"
மூன்று மொழியிலும் எழுத
கட்டைவிரல் அகலம் காணாது.
ஒரு பிளக்கை வரைந்து குறுக்கே கோடு போட்டேன்.
லியனகே ஐயா கண்ணாடியை உயர்த்திப் பார்த்து
"இது என்ன, கத்தரிக்காயா?" என்று கேட்டுவிட்டு
கையெழுத்து வைத்தார்.
லொக் புத்தகத்தில் நான் எழுதியது:
எடை கூடியது, நூற்றுப் பதினெட்டுக் கிராம்.

எல்லோரும் போன பிறகு
அண்ணனுக்குப் பதில் போட போனை எடுத்தேன்.
மூன்று வீதம்.
ஹங்கர் கதவு பாதி திறந்து கிடந்தது.
ஏறி இருந்து, பற்றறி சுவிச்சைப் போட்டு, செருகினேன்.
வா என்று எழுதுவதா,
ஏன் இப்ப என்று எழுதுவதா.
பத்து நிமிஷம். பற்றறி தாங்கும்.
இதை லொக் புத்தகத்தில் எழுதவில்லை.